நகரத் தலைவர் மீண்டும் வாக்குக் கேட்கும்போது



கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வகுப்புத் தலைவர் யார் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர்களாகிய நாங்களே சொல்லிவிடுவது வழக்கம். ஓர் ஆண்டு மட்டும் ஐந்தாம் வகுப்பில் அந்தப் பொறுப்பை மாணவர்களிடமே விட்டேன். கை தூக்கி ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல பையன், குரல் வளம் உள்ளவன். அரையாண்டு முடிந்ததும் மறுபடியும் தேர்தல் உண்டு என்று அப்போதே சொல்லி வைத்திருந்தேன். அரையாண்டு வந்தது. அவன் மறுபடியும் நின்றான். பின்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி எதிர்த்து நின்றாள். அவள் பேசியது இரண்டே வாக்கியம். "பள்ளி திறந்த மாதம் உடைந்த விளக்குமாறு இன்னும் உடைந்தே கிடக்கிறது. நான் வந்தால் புதிது கேட்டு வாங்குவேன்." பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றான். "நீதானே தலைவர்?" என்றாள் அவள்.

வாக்கு எண்ணினோம். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் பையனே வென்றான். மறுநாள் காலை வீட்டிலிருந்து ஒரு விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த விளக்குமாற்றை வாங்கித் தந்திருக்க வேண்டியவன் உண்மையில் நான்தான். அது வேறு கதை.

இன்றைய பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நீண்ட காலம் பதவியில் இருந்த ஒரு நகரத் தலைவர், தம்மை எதிர்த்து நிற்கும் உள்ளூர்க்காரர்களின் முன்னால், மறுபடியும் வாக்குக் கேட்டு வருவதைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். முதல் தடவை வாக்குக் கேட்பவர் வாக்குறுதியோடு வருகிறார். இரண்டாம் தடவை வருபவரோ கணக்கோடு வந்தாக வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கோலாலம்பூரில் வாழும் நேயர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்க முடியாது. 1972 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் மாநகரமாயிற்று. 1974 ஆம் ஆண்டு அதே பிப்ரவரி முதல் நாள் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. மாநகரத்தின் முதல் டத்தோ பண்டார் டான் ஸ்ரீ லொக்மான் யூசோப். அவருக்குப் பின் டான் ஸ்ரீ யாக்கோப் அப்துல் லத்திப் 1980 வரை இருந்தார். பிறகு 1981 முதல் 1992 வரை டான் ஸ்ரீ எலியாஸ் ஓமார். பந்து விளையாட்டுப் பிரியர்கள் இவரை மறந்திருக்க மாட்டார்கள். இவர் காலத்தில்தான் 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது. நகரின் வளர்ச்சிக்கான முதல் அமைப்புத் திட்டம் 1984 இல் வெளியானதும் இவர் காலத்தில்தான். பின்னர் பலர் வந்து போனார்கள். முதல் பெண்மணியாக 2024 இல் மைமூனா முகமட் ஷரிப் அந்தப் பதவிக்கு வந்தார்.

இவர்களில் திறமைசாலிகளும் உண்டு. எலியாஸ் ஓமார் பதினோரு ஆண்டுகள் இருந்தார். அவர் நன்றாகச் செய்தாரா இல்லையா என்று மக்களிடம் கேட்டிருந்தால், மறுபடியும் அவரே வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை. டத்தோ பண்டார் கூட்டரசு அரசாங்கத்தால் நியமிக்கப்படுகிறார். சட்டத்தைப் படித்துப் பார்த்தால் இன்னொரு வியப்பும் உண்டு. கோலாலம்பூரில் டத்தோ பண்டார் என்பவர் ஒரு மன்றத்துக்குத் தலைவர் அல்லர். அந்தத் தனி ஒருவரே சட்டத்தின் கண்களில் நகர அதிகாரம் முழுவதும் ஆகிறார். அவருக்கு ஆலோசனை கூற ஒரு குழு உண்டு. அந்தக் குழுவினரும் நியமிக்கப்படுபவர்களே.

கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நிலைமை சற்று வேறு. அங்கே மன்றம் உண்டு, உறுப்பினர்கள் உண்டு. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஒரு மன்றத்துக்கு எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். அவர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். 2024 பிப்ரவரியில் கிள்ளான் நகராண்மைக் கழகம் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தபோது பெயர்ப் பலகை மாறியது. நியமன முறை அப்படியே நின்றது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிள்ளான்வாசிக்கு இரண்டு வாக்கு: ஒன்று சட்டமன்றத்துக்கு, ஒன்று நாடாளுமன்றத்துக்கு. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனதால் அங்கே சட்டமன்றம் இல்லை. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை நாடாளுமன்றத்துக்குப் போடும் ஒரே வாக்குத்தான். ஏறத்தாழ இருபது லட்சம் மக்கள் வாழும் நாட்டின் தலைநகரில், கால்வாய் அடைப்பு முதல் ஐம்பது மாடிக் கட்டடத்துக்கு அனுமதி தருவது வரை முடிவு செய்பவரைப் பொறுத்தவரை குடிமகன் வெறும் பார்வையாளனே.

இது நம்மவர்களுக்குச் சற்று ஆழமாகவே படவேண்டிய செய்தி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று வாழும் தமிழர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். தோட்டம் தனியார் நிலம். அங்கே தண்ணீரும் விளக்கும் கால்வாயும் நிர்வாகத்தின் பொறுப்பு. குறை இருந்தால் கிராணியிடம் சொன்னோம், துரையிடம் மனுக் கொடுத்தோம், தொழிற்சங்கத்திடம் போனோம். பிறகு கித்தாவும் செம்பனையும் போயின, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஷா ஆலாமின் ஏழாம் பிரிவில் இன்று உள்ள மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளிக்குப் பெயர் கொடுத்தது ஒரு தோட்டம்தான். பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் மிச்சம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த நாம் துரையை விட்டு மாநகர் மன்றத்தின் கீழ் வந்தோம். அந்த மாற்றத்தில் துரையும் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லர், மன்றத் தலைவரும் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லர். மின்தூக்கி பழுதானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதைப் பலர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே நம் ஊர்களில் வாக்குப்பெட்டி வந்துவிட்டது. 1950 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு வழி செய்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரி 16 அன்று கோலாலம்பூரில் நடந்தது. பன்னிரண்டு இடங்கள். ஒரு பக்கம் டத்தோ ஓன் ஜாபார் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சி. ம.இ.கா. அந்தக் கட்சிக்குத்தான் ஆதரவு தந்தது. மறுபக்கம் அம்னோவின் கோலாலம்பூர்க் கிளையும் மலாயா சீனர் சங்கத்தின் சிலாங்கூர்க் கிளையும் அவசர அவசரமாகச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. உடன்பாட்டுக்காரர்கள் ஒன்பது இடங்களைப் பிடித்தார்கள். சுதந்திரக் கட்சிக்கு இரண்டு, சுயேச்சைக்கு ஒன்று. பின்னாளில் நாட்டையே ஆண்ட கூட்டணி பிறந்தது இந்த நகரத் தேர்தலில்தான். 1954 இல்தான் ம.இ.கா. அதில் சேர்ந்தது. கால்வாய்க்கும் குப்பைக்கும் நடந்த தேர்தல் ஒரு நாட்டின் அரசியலையே வகுத்துவிட்டது.

மலாயாவில் மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த முதல் பெண்மணி தேவகி கிருஷ்ணன் அம்மையார் அரசியலில் நுழைந்ததும் இந்தக் கோலாலம்பூர் நகரத் தேர்தல் வழியாகத்தான். பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் தொகுதியில் அவர் நின்றார். தமிழ்ப் பெண் ஒருவர் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டது அந்தக் காலத்தில்! 2024 இல், நூறு வயது கடந்து, அவர் காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாளிலும் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தின் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உறுப்பினர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகி மறுபடியும் வாக்காளரிடம் வரவேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் நம் தெருவுக்கு வந்து, சென்ற தடவை சொன்னது என்ன ஆயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேயர் என்ற பட்டத்தோடு உண்மையாகவே ஆண்டது ஜார்ஜ் டவுன். 1957 ஜனவரி முதல் நாள் அது மாநகரமாயிற்று. அங்கே மன்ற உறுப்பினர்கள் தம்மில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் 1961 வரை அந்தப் பதவியில் இருந்தார். பினாங்கில் ஸ்காட் சாலை என்று முன்பு வழங்கிய சாலைக்கு இன்று அவர் பெயர்.

பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டது. கோலாலம்பூரில் 1961 இலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நீங்கி, ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் நாடு முழுவதும் நகரத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். மோதல் 1966 இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. சில மன்றங்களில் ஊழலும் சீர்கேடும் இருந்ததாகப் புகார் எழுந்து, மாநில அரசுகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. ஜார்ஜ் டவுனுக்கும் 1966 இல் அதே கதிதான்.

இதையெல்லாம் ஆராய 1965 இல் ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டது. 1968 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. குறைகள் இருந்தன என்பதை அறிக்கை மறைக்கவில்லை. ஆயினும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்றுதான் அது பரிந்துரைத்தது. இடையில் 1969 மே வந்துவிட்டது. அறிக்கை 1971 இல்தான் வெளியே வந்தது. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பரிந்துரைக்கு நேர் எதிரான வழியில் சென்று, தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012 இல் பினாங்கு மாநிலம் தானே ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை.

நம் ஊரில் காண முடியாததைக் காண வேண்டுமானால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். நம் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறிய சென்னைக்கே போவோம். அந்த ஊரின் கதையிலும் நம்முடைய கதையின் சாயல் உண்டு.

சென்னை மாநகராட்சி 1688 இல் தோன்றியது. மேயர் என்ற பட்டம் 1933 இல் மறுபடியும் வந்தது. அதிலிருந்து நாற்பது ஆண்டுகள் மேயர் பதவி ஓராண்டுப் பதவியாக இருந்தது. உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பெருமைக்குரிய பதவி, மாலை மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஓராண்டில் என்ன செய்துவிட முடியும்? அடுத்த ஆண்டு வேறொருவர். கணக்குக் கேட்க ஆள் கிடைக்க மாட்டார். 1973 இல் மாநகராட்சி கலைக்கப்பட்டது. நம் ஊரைப் போலவே அங்கும் தற்காலிகம் நீண்டுகொண்டே போயிற்று. 23 ஆண்டுகள் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள்.

1996 இல் தேர்தல் திரும்பியது, புதிய முறையோடு. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், பதவி ஐந்தாண்டு. மு. க. ஸ்டாலின் வென்று, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். அவர் தந்தை மு. கருணாநிதி அப்போது முதலமைச்சர். ஆகவே கோட்டையும் மாநகராட்சியும் ஒரே பக்கம். அந்த ஐந்தாண்டுகளில் நகரின் முக்கியச் சந்திப்புகளில் ஒன்பது மேம்பாலங்கள் எழுந்தன. இன்றும் சென்னைக்குப் போய்வரும் நம்மவர்கள் அவற்றின் மேல்தான் வாடகைக் காரில் போகிறார்கள்.

2001 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதலமைச்சரானார். ஜூன் இறுதியில், மேம்பாலம் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில் கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். அதே வழக்கில் ஸ்டாலினும் சிறை சென்றார். அந்த வழக்கில் அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டுக் காலம் மேயராக இருந்தவர், நான்கு மாதங்களுக்கு முன் கைதானவர், இப்போது ஆளுங்கட்சியும் எதிர்ப்பக்கம். இவர் மறுபடியும் வீதிக்கு வந்து வாக்குக் கேட்கிறார். பாலம் கட்டியது சாதனை என்கிறது ஒரு பக்கம், அதுவே குற்றம் என்கிறது மறுபக்கம். அந்தப் பாலத்தின் மேல் தினமும் போய் வருபவனே வாக்காளன். சென்னை மக்கள் மறுபடியும் அவரையே மேயராக்கினார்கள்.

ஆனால் மக்கள் சொல்லியும் அது நீடிக்கவில்லை. 2002 இல் தமிழக அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் மேயராகவும் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஸ்டாலின் இரண்டு பதவியிலும் இருந்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருவரே அடுத்தடுத்து மேயராக இருப்பதற்கு 1919 ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் தடை இருந்த சங்கதியும் அந்த வழக்கில் வெளிவந்தது. அவர் மேயர் பதவியை விட்டார். துணை மேயரே 2006 வரை பொறுப்பு வகித்தார்.

ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற கொள்கையில் எனக்கு மறுப்பு இல்லை. நல்ல கொள்கையே. மக்கள் வாக்களித்த பிறகு அதைக் கொண்டுவந்ததுதான் உறுத்துகிறது. ஒருவரே தொடர்ந்து மேயராகக் கூடாது என்ற பழைய விதியும் அப்படித்தான். ஓராண்டு மரியாதைப் பதவியாக இருந்த காலத்தில் அது எல்லாருக்கும் மாலை கிடைப்பதற்கான ஏற்பாடு. நேரடித் தேர்தல் வந்த பிறகு அதே விதி, மறுபடியும் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமையை வாக்காளரிடமிருந்து பறித்துவிடுகிறது.

பத்தாண்டு கழித்து, 2011 இல், ஏறத்தாழ அதே நாடகம் மறுபடியும் நடந்தது. 2006 முதல் மேயராக இருந்தவர் மா. சுப்பிரமணியன். உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2011 மே மாதம் மறுபடியும் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. அக்டோபரில் நேரடித் தேர்தல். பதவியில் இருந்த மேயராக அவர் நின்றார். இந்தத் தடவை மக்கள் அவரை அனுப்பிவிட்டு சைதை துரைசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தடவையும் மே மாதம் தோல்வி, அக்டோபரில் மேயர் தேர்தல். முடிவு மட்டும் வெவ்வேறு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே மக்கள் சாய்வார்கள் என்று சொல்பவர்கள் 2001 ஐப் பார்க்க வேண்டும். பதவியில் இருப்பவரை அசைக்க முடியாது என்பவர்கள் 2011 ஐப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2011 இல் அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் போன்ற ஊர்கள் சென்னையோடு சேர்க்கப்பட்டு, 155 வட்டங்கள் 200 ஆயின. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த மேயரின் கீழ் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. தம் வீட்டுக் கால்வாயைத் தொடாத ஒருவரின் கணக்கை அவர்கள் சரிபார்க்க வேண்டியிருந்தது. எல்லையை மாற்றினால் கேள்வித்தாளே மாறிவிடுகிறது!

பின்னர் 2016 இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை, மறுபடியும் அதிகாரி ஆட்சி. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்து, ஆர். பிரியா என்ற இளம்பெண் மேயரானார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் உறுப்பினர்களே. நேரடி வாக்கு மறுபடியும் போயிற்று.

தமிழர் ஊரை விட்டு இன்னும் சற்றுத் தூரம் போய்வருவோம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரிச்சர்ட் டேலி என்பவர் 1955 முதல் 1976 இல் இறக்கும்வரை மேயர். ஆறு தடவை வென்றவர். அவருடைய கட்சி அமைப்பை யாராலும் அசைக்க முடியாது என்ற பேச்சு உலகப் பிரசித்தம். அந்த அமைப்பின் வாரிசாக மைக்கேல் பிலாண்டிக் மேயரானார். 1979 ஜனவரியில் பெரும் பனி கொட்டியது. தெருக்களில் பனியை அள்ள ஆள் இல்லை. நகர இரயில்கள் தாமதத்தைச் சரிக்கட்ட வழியில் சில நிலையங்களில் நிற்காமலே ஓடின. அந்த நிலையங்களில் பல கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. குளிரில் நின்றவர்கள் கண்முன்னே இரயில் கடந்து போயிற்று. அடுத்த மாதமே கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல். ஜேன் பேர்ன் என்ற பெண்மணி பிலாண்டிக்கைத் தோற்கடித்து, பிறகு சிகாகோவின் முதல் பெண் மேயரானார். நமக்குப் பனி இல்லை, வெள்ளம் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அடுத்த மாதம் வாக்களிக்க அவர்களுக்கு ஒரு நகரத் தேர்தல் இருக்கவில்லை.

நியூயார்க்கின் எட் காச் இன்னொரு வகை. 1978 முதல் மூன்று தடவை மேயராக இருந்தவர். தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்பது அவர் வழக்கம். நான்காம் தடவை நின்றபோது, 1989 இல், தம் கட்சிக்குள்ளேயே டேவிட் டிங்கின்ஸிடம் தோற்றார். டிங்கின்ஸ் அந்நகரின் முதல் கறுப்பின மேயரானார். பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு ஒரு நாள் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே தேர்தல் வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நகரங்களில் ஓர் இனத்தார் அதிகம், கிராமங்களில் இன்னோர் இனத்தார் அதிகம், நகரத் தேர்தல் இனப் பிளவை வளர்க்கும் என்பது அவர்களின் அச்சம். 2018 இல் பிரதமர் துன் மகாதீரும் இந்தக் காரணத்தையே சொன்னார். 1969 ஐக் கண்டவர்கள் இந்த அச்சத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் 1952 ஐயும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இனம் கடந்த கட்சி என்று சொல்லிக்கொண்டது தோற்றது உண்மை. வென்றவர்களோ வெவ்வேறு இனக் கட்சியினர் கைகோத்துக் கொண்டவர்கள். கைகோக்காமல் வெல்ல முடியாது என்பதை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது நகரத் தேர்தல்தான்.

ஊழல் வரும் என்பது இரண்டாவது வாதம். வரலாம், வந்தும் இருக்கிறது. சென்னையிலும் 1973 க்கு முன் வந்தது, ஜார்ஜ் டவுனிலும் புகார் எழுந்தது. நியமிக்கப்பட்டவர்கள் காலத்தில் மட்டும் ஊழல் புகார் இல்லாமல் போயிற்றா என்றும் கேட்க வேண்டும். செலவு அதிகம் என்பது மூன்றாவது வாதம். இதற்கு நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை.

வாக்கு இல்லாத இடத்தில் மக்கள் சும்மா இருப்பதில்லை. நீதிமன்றம் போகிறார்கள். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா என்று ஒரு பூங்கா. 2017 இல் அதன் ஒரு பகுதியில் நாற்பது, ஐம்பது மாடிக் கட்டடங்களுக்கு மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் டத்தோ பண்டார் மீது வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள்.

ஆனால் அந்தத் திட்டத்துக்குள் இன்னொரு கட்டடமும் இருந்தது. அது புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்று சொல்லப்பட்ட வீடுகள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு 1980 களில் தற்காலிகமாக வரிசை வீடுகளில் வைக்கப்பட்டவர்கள் அவர்கள். நிரந்தர வீடு வரும் என்ற வாக்கை நம்பித் தலைமுறை தாண்டிக் காத்திருந்தவர்கள். பூங்காவுக்காக வழக்காடியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, வீட்டுக்காகக் காத்திருந்த நம் தோட்டத்து மக்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: அனுமதி சட்டப்படி கொடுக்கப்பட்டதா? நாற்பது ஆண்டுகளாக ஏன் வீடு தரவில்லை என்பதை நீதிபதி கேட்க முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. பூங்காவுக்குப் போகிறவர் ஒரு வாக்கோடும், வரிசை வீட்டுக்காரர் ஒரு வாக்கோடும் நிற்க, நகரத் தலைவர் இருவர் வாசலுக்கும் மறுபடியும் வந்தாக வேண்டியிருந்தால், அந்தக் கேள்வி இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன். வீடு கட்டப் பூங்கா ஒன்றுதானா இடம் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

சென்ற பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். வழி தெரியாமல் இரண்டு மூன்று தெருக்கள் சுற்றினேன். ஒரு முனையில் நிறுத்தி, தெருப் பெயர்ப் பலகையைப் படித்தேன். ஜாலான் ஆதிநாகப்பன் என்று எழுதியிருந்தது.